என் மகனின் கப்பல் கூலியை நான் கொடுத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு பதிப்பின் வாசகர் கடிதப் பகுதியில், தோட்டப்புறத்துக் கிறிஸ்தவ ஆலயங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுவதைப் பற்றி ஒரு வாசகர் மனம் நொந்து எழுதியிருந்தார். ஊழியத்திற்கு வர இளைஞர்கள் இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் விசுவாசம் இல்லை, கைப்பேசிதான் அவர்களுக்குத் தெய்வம் என்பது அவருடைய முடிவு. அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. அந்த முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். வாசலில் நின்று வழிமறித்தவர்கள் பெற்றவர்களாகிய நாங்கள். அப்படி மறித்த ஒரு தகப்பன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கடிதம் சற்று நீளும்.

எனக்கு வயது 75. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, பிறகு டவுனுக்குச் சைக்கிளில் போய் மூன்றாம் படிவம் வரை படித்தேன். முதல் வேலை ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் உதவியாள், பின்னர் கிராணி, அதாவது கணக்கெழுதுபவர். முற்பகலில் ஆண்களும் பெண்களும் காண்டா வாளிகளைத் தோளில் சுமந்து வரிசையில் வந்து நிற்பார்கள். பாலை நிறுத்து, மாதிரி எடுத்து, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டு எழுதுவது என் வேலை. தண்ணீர் கலந்த பாலைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். எதையும் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் என்னிடம் ஒட்டிக்கொண்டது. அது வீட்டுக்கும் என்னோடு வந்தது.

1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் தங்கள் வாசகர்கள் அறிந்த சரித்திரம். அது 1960 வரை நீடித்தது. நான் பிறந்தது 1950இல். ஆகவே, முள்வேலியும் வாசலில் சோதனையும் இல்லாத தோட்டம் என்று ஒன்று இருக்க முடியும் என்பதே பத்து வயது வரை எனக்குத் தெரியாது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அரிசிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு சோற்றுப் பொட்டலத்தைக்கூட வேலிக்கு வெளியே எடுத்துப்போக முடியாமல் பட்டினியாக வேலை செய்த நாட்கள் அவை.

அந்தக் காலத்தில் வியாழக்கிழமைதோறும் டவுனிலிருந்து ஓர் உபதேசியார் சைக்கிளில் வருவார். எங்கள் தோட்டம் அவருக்கு மூன்றாவது. அதற்கு முன் இரண்டு, பின் ஒன்று. காவலுக்கு நிற்கிறவர்கள் அவருடைய துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், பிள்ளைகளின் சிரங்குக்குப் போடும் மருந்துக் குப்பி, அவ்வளவுதான் விழும். உணவு எதுவும் இருக்கக் கூடாது, இருந்ததும் இல்லை. விடியலில் வீட்டில் குடித்த கஞ்சியோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மிதித்து வருவார். எங்கள் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்ததும் அம்மா சோறு போடுவார். வேலிக்குள் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் எங்களுக்கு ஜெபத்துக்கு முன்னாலேயே பந்தி.

ஒரு வாரம் அந்தச் சாலையில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அடுத்த வியாழன் வராதீர்கள் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னார். "அடுத்த வியாழன் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் வராமல் இருக்கலாமா அம்மா?" என்று அவர் கேட்டது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அடுத்த வியாழன் வந்தார். அவர் செய்த பிரசங்கத்தில் ஒரு வரிகூட இப்போது நினைவில்லை. சைக்கிள் மணியோசை நினைவிருக்கிறது. மணி கேட்டதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் நினைவிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் வாங்கிய சம்பளம் ஒரு மரம் வெட்டுகிறவர் வாங்கியதைவிடக் குறைவு என்று என் அப்பா சொல்வார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவருடைய மனைவி விடிவதற்கு முன் எழுந்து தோசை சுட்டு, பெரிய பிள்ளையின் தலையில் கூடையை ஏற்றிக் கடைத்தெருவுக்கு அனுப்புவார். அழைப்பு வந்தது அவருக்கு. அடுப்படியில் வெந்தது அந்த அம்மா. இதைப் பிரசங்க மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால், என் அம்மா அறிந்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு சிறிய மண் கலயம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். பிடியரிசி என்பார்கள். பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. பங்கீட்டு அரிசி எங்களுக்கே போதாத நாளிலும் அந்தக் கலயத்தில் பிடி விழும். அரிசியை வேலிக்கு வெளியே கொடுத்தனுப்ப முடியாது. ஆகவே, மாதக் கடைசியில் கலயத்தை அளந்து, அந்த அளவு அரிசியின் விலையை ஒரு துணியில் முடிந்து, 'இது அக்காவுக்கு' என்று உபதேசியார் கையில் கொடுப்பார் அம்மா.

இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவேதான் பின்னால் நான் செய்தது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

என் மூத்த மகன் சபையில் ஆர்மோனியம் வாசிப்பான். ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவான். ஐந்தாம் படிவம் முடித்து ஈப்போவில் பற்றவைப்பு வேலை கற்றுக்கொண்டிருந்தான். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஓர் இரவு, சாப்பாட்டு நேரத்தில், "அப்பா, சிரம்பானுக்கு மனுப் போடலாம் என்று இருக்கிறேன்" என்றான். சிரம்பான் என்றால் எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் திருச்சபைகள் சேர்ந்து 1979இல் தொடங்கிய மலேசிய இறையியல் கல்லூரி அங்கே இருக்கிறது. தமிழிலும் படிக்கலாம். படித்து முடித்தால் போதகர்.

நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. அன்றிரவே நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். தோட்டத்தை விட்டு வந்து டவுனில் வாங்கிய மலிவு விலை வீட்டுக்கு வங்கிக் கடன் ஒரு பக்கம். கல்யாண வயதில் மகள் ஒரு பக்கம். என் மனைவிக்கு அப்போதே இனிப்புநீர் நோய். மறுபக்கத்தில் ஒரு போதகரின் மாதப்படி. எங்கள் மெதடிஸ்ட் சபை வழக்கப்படி போதகரைத் திருச்சபைதான் நியமிக்கும். ஆண்டுக் கூட்டத்தில் பெயரையும் ஊரையும் படிப்பார்கள். படித்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். இன்று பேராக் என்றால் நாளை ஜொகூர். நிறுத்துப் பார்த்தேன், தட்டு ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. கர்த்தர் அவனைக் கூப்பிட்டிருப்பாரோ என்பதை எந்தத் தட்டிலும் நான் வைக்கவில்லை.

நான் கடவுள் பயம் இல்லாதவன் அல்ல. அந்த ஆண்டின் முதல் ஞாயிறும் மெதடிஸ்ட் ஆலயங்களில் வழக்கமாக நடக்கும் உடன்படிக்கை ஆராதனையில் முன்வரிசையில்தான் நின்றேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிவைத்த ஆராதனை அது. உமக்குப் பிரியமான வேலையில் என்னை வையும், உமக்குப் பிரியமானவர்களோடு என்னைச் சேர்த்துவிடும், உழைக்க வைத்தாலும் சரி, பாடுபட வைத்தாலும் சரி, நிரப்பினாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி என்ற கருத்துப்பட அந்த ஜெபம் போகும். சபையாக, சத்தமாக, எழுந்து நின்று சொல்வோம். என் குரல் நல்ல கனத்த குரல். ஜனவரியில் அதைச் சொன்னேன். மார்ச்சில், சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். 'என்னை' என்று நான் சொன்ன சொல்லுக்குள் என் பிள்ளை அடங்கவில்லை என்று நினைத்திருக்கிறேன் போலும்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்த உறவுக்காரப் பையனுக்குத் தொலைபேசியில் பேசினேன். பற்றவைப்பு தெரிந்தவர்களுக்கு அப்போது அங்கே தேவை இருந்தது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் பணம் இரண்டு வெள்ளிக்கு மேல். ஜூன் மாதத்தில் ஈப்போவிலிருந்து இரவுப் பஸ். டிக்கெட்டை நானே வரிசையில் நின்று வாங்கினேன். பயணப்பையையும் நானே வாங்கினேன். மகன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தகப்பனை எதிர்த்துப் பேசும் பிள்ளையாக நாங்கள் அவனை வளர்க்கவில்லை; அதை அன்று எனக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

யோனாவின் கதை இந்து வாசகர்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். நினிவே நகரத்துக்குப் போய்ப் பேசு என்று கர்த்தர் சொன்னார். யோனா எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். பெரிய மீன் விழுங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் அதற்கு முன்னால் ஒரு சிறிய விவரம் இருக்கிறது. யோப்பா துறைமுகத்தில் கப்பலைக் கண்டு, 'கூலி கொடுத்து' அதில் ஏறினான் என்று இருக்கும். கூலி என்ற சொல்லோடு எங்கள் குடும்பத்துக்குப் பழைய உறவு. என் தாத்தாவைக் கங்காணி முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். இறங்கியதும் அவருக்கு வைத்த பெயரே அந்தச் சொல்தான். சிறுவயதிலிருந்து அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் நாக்கில் தட்டும். அழைத்தவரை விட்டு ஓடுவதற்கும் ஒரு கட்டணம் உண்டு, அதைக் கையில் எடுத்துக் கொடுத்தால்தான் ஓட முடியும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது. யோனாவாவது தன் கூலியைத் தானே கொடுத்தான். என் மகனின் கூலியை நான் கொடுத்தேன்.

மெதடிஸ்ட் ஊழியம் இந்த வட்டாரத்துக்கு வந்ததும் சிங்கப்பூர் வழியாகத்தான். பெங்களூரில் பிறந்து, நில அளவை வேலையில் இருந்த வில்லியம் ஓல்டம் 1885 பிப்ரவரியில் அங்கே கப்பலிறங்கினார். தெரியாத ஊர். மறு ஆண்டு 13 பையன்களோடு ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். ஆங்கிலோ சீனப் பள்ளிகளின் தொடக்கம் அது. ஓல்டமுக்கு நினிவேயாக இருந்த அதே ஊரை என் மகனுக்கு நான் தர்ஷீஸ் ஆக்கினேன். ஊர் என்ன செய்யும்?

மகன் நன்றாக இருக்கிறான். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவன் அனுப்பிய பணத்தில் வீட்டுக் கடன் அடைந்தது, தங்கை கல்யாணம் நடந்தது, அவனுடைய அம்மாவுக்குக் கடைசி நாட்களில் எந்தக் குறையும் இல்லாமல் வைத்தியம் நடந்தது. கர்த்தர் அவனைக் கைவிட்டுவிட்டார் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அவனுக்கு நல்ல மனைவி, இரண்டு பிள்ளைகள். பட்டறையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அவன் எவ்வளவு உதவியாக இருக்கிறான் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால், அவன் ஆர்மோனியத்தைத் தொடுவதில்லை.

2012 கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, இரவு வெகுநேரம் இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதையோ பேசிக்கொண்டிருந்தவன் நடுவில் சொன்னான்: "அன்றைக்குப் பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள் அப்பா. சிரம்பான் பலகை வரும் வரை நான் விழித்திருந்தேன். அது கடந்து போனதும் தூங்கிவிட்டேன்."

ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் நெடுஞ்சாலை சிரம்பானைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. டிக்கெட் எடுத்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பேச்சை அவன் அதற்கு மேல் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மன்னித்துவிடு என்று அந்த இரவே கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவனுடைய அம்மா இறந்த பிறகுதான் கேட்டேன்.

இனி இப்போதைய நிலவரம். தோட்டத்து ஆலயம் எப்போதோ போய்விட்டது. ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்ப் பனையான செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். வேண்டிய ஆட்களும் இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போனார்கள். விசுவாசம் குறைந்ததால் மட்டும் ஆலயங்கள் காலியாகவில்லை என்பதை அந்த வாசகர் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டவுன் ஆலயத்தில் மிஞ்சியிருக்கிற நாங்கள் ஒரு வேனில் அடங்குவோம். போதகர் இன்னும் இரண்டு ஊர்களைப் பார்த்துக்கொள்கிறார். அவர் வராத ஞாயிறுகளில் நான் வேதம் வாசிக்கிறேன். உடல்நலமில்லாமல் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கிறேன். முட்டி ஒத்துழைக்கும் நாளில் மூன்று வீடு, இல்லாவிட்டால் ஒரு வீடு. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்கிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் பேச ஓர் ஆள் வேண்டும். ஜெபம்கூட அப்புறம்தான்.

இந்த ஆண்டு ஈஸ்டர் முடிந்த வாரம், சபையைச் சேர்ந்த ஒரு தாயார் என் வீட்டுக்கு வந்தார். கணவர் இல்லை. ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். மகளுக்கு 24 வயது. தாதியர் பட்டயம் முடித்து வேலையில் இருக்கிறாள். மகன் இன்னும் நான்காம் படிவம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"ஐயா, நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். சிரம்பானுக்குப் போகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லுங்கள்."

என் வீட்டில், அதே மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, 24 ஆண்டுகளுக்கு முன் நான் நாள்காட்டித் தாளில் எழுதிய கணக்கை அந்த அம்மா ஒரு காகிதமும் இல்லாமல் வாயாலேயே சொன்னார். பிடிபிடிஎன் கல்விக் கடன் இன்னும் அடையவில்லை. தம்பி படிப்பு இருக்கிறது. பெண் போதகரை யார் கட்டிக்கொள்வார்கள்? தனியாக எந்த ஊருக்கு அனுப்புவார்களோ? ஒன்றுகூடப் பொய்யான பயம் இல்லை. விசுவாசம் இல்லாதவர் என்று அந்த அம்மாவை யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். சம்பளத்தில் பத்தில் ஒன்றை உறையில் போட்டுக் காணிக்கைத் தட்டில் வைக்கும் பெண் அவர்.

நான் பதில் சொல்வதற்குப் பதிலாக என் மகனின் கதையைச் சொன்னேன். பஸ் டிக்கெட்டையும் சிரம்பான் பலகையையும் சொன்னேன். என் பிள்ளைகளைத் தவிர வேறு யாரிடமும் அதற்கு முன் சொன்னதில்லை. கேட்டுவிட்டு அந்த அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஐயா, உங்கள் மகன் இன்று நன்றாகத்தானே இருக்கிறார்?" என்று கேட்டார். ஆம் என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் மனம் மாறிப் போகவில்லை. என் பேச்சால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்.

மறுநாள் அந்தப் பிள்ளையும் வந்தாள். கூப்பிட்டது கர்த்தர்தானா, அல்லது இரவுப் பணி அலுத்துவிட்டதா என்று நேராகக் கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அது. ஊழியத்துக்கு வருகிறேன் என்கிற எல்லோரையும் மாலை போட்டு அனுப்பிவிட முடியாது. உள்ளூர்ச் சபை பரிந்துரைக்க வேண்டும், திருச்சபை நேர்காணல் செய்ய வேண்டும், காத்திருக்க வேண்டும். அது நல்லதுதான். அவள் கோபப்படவில்லை. "தாத்தா, எங்கள் வார்டில் தமிழ்ப் பாட்டிகள் சாகும்போது தமிழில் ஒரு ஜெபம் கேட்கிறார்கள். நான் ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது சில சமயம் முடிந்துவிடுகிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பேச வராது, மேடையில் நின்றால் கை நடுங்கும். ஆனால், மூன்று வருடமாக இது என்னை விடவில்லை" என்றாள்.

சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் இரவில் கூப்பிட்டபோது அவனுக்குக் குரல் அடையாளம் தெரியவில்லை. மூன்று முறையும் எழுந்து ஆசாரியரான கிழவன் ஏலியிடம்தான் ஓடினான். கண் மங்கிப்போன அந்தக் கிழவன்தான், மறுபடியும் கூப்பிட்டால் 'கர்த்தாவே சொல்லும். அடியேன் கேட்கிறேன்' என்று சொல் என்று அனுப்பிவைத்தார். அந்த இரவு சாமுவேல் கேட்ட செய்தி ஏலியின் குடும்பத்துக்கே விரோதமான செய்தி. அப்படியிருந்தும் விடிந்ததும், ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று கேட்டார். வயதானவர்களுக்கு வேதத்தில் கொடுக்கப்பட்ட வேலைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. என் மகன் என்னிடம் ஓடி வந்த இரவில், போய்ப் படு என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

அந்த வாசகருக்கும், அவரைப் போல் வருந்துகிற சபை மூப்பர்களுக்கும் நான் சொல்ல வந்தது இதுதான். அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம் என்ற வசனத்தைச் சொல்லி வேலையாட்களை அனுப்பும் என்று ஜெபிக்கிறோம். பக்கத்து வீட்டிலிருந்து அனுப்பும் என்பதுதான் நம் மனதில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்தே ஒருவர் எழுந்தால் கிராணிகளாகிவிடுகிறோம். எழுந்தவரைப் பாராட்டி அனுப்புகிற சபைகளும், அவர் பின்னால் விட்டுப்போகிற கடனையும் தாயையும் தம்பியையும் யார் பார்ப்பது என்று கேட்பதில்லை. கடினமான அழைப்பு ஒருவருக்கு வருகிறது. அதன் பாரம் அந்த வீட்டின் அடுப்பில் இறங்குகிறது. இதை என் அம்மா பள்ளிக்கூடம் போகாமலே அறிந்து ஒரு மண் கலயம் வைத்திருந்தார்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைத்துக்கொள்கிறேன். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 35 வயதில், நல்ல பொறுப்பை விட்டு, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போய், பிள்ளையைப் போல் உட்கார்ந்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். அவருடைய துணிவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். 1903இல் அவரோடு சேர்ந்து திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரர்களிடம் கையேந்தாமல் எங்கள் ஆட்கள், எங்கள் பணம் என்று தீர்மானித்ததையும் சேர்த்துப் பேச வேண்டும். போகிறவர் ஒருவர் என்றால் அவருக்குப் பின்னால் பணம் சேர்த்த கிராமங்கள் பல. நாமும் அவர்கள் வழி வந்தவர்கள்தானே?

எங்கள் சபையில் கடந்த மாதம் ஆராதனை முடிந்து நான் எழுந்து பேசினேன். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. உடன்படிக்கை ஜெபத்தை ஜனவரியில் சத்தமாகச் சொன்னவர்கள் எல்லோரும் வீட்டில் ஒரு டின் வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். இப்போது பதினொரு வீடுகளில் மைலோ டின் இருக்கிறது. அரிசிதான் போட வேண்டும் என்றில்லை. ஆனால், என் வீட்டில் அரிசிதான். நான் ஒருவன் சமைப்பதால் பிடி சிறியது. மாதக் கடைசியில் அளந்து விலையைப் போடுகிறேன். அந்தக் கல்விக் கடனில் மாதாமாதம் கட்ட வேண்டிய தொகைக்கு இது இன்னும் எட்டவில்லை. பாதிக்கு மேல் வந்திருக்கிறது. தம்பிக்கு மாலையில் கணிதம் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்வந்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஒரு பிள்ளை சேவைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு அவராகவே வந்தார்.

இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்று மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எழுதுங்கள் என்றான். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஆலயத்து ஆர்மோனியம் இன்னும் இருக்கிறதா அப்பா?" என்று கேட்டான். இருக்கிறது, துருத்தியில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றேன்.

அந்தப் பிள்ளை அடுத்த மாதம் இரண்டாம் வாரம் கல்லூரியைப் பார்க்கவும், அங்கே படிக்கிறவர்களிடம் பேசவும் சிரம்பானுக்குப் போகிறாள். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று ஈப்போவுக்குப் போய் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். தாயார் வருவதாக இன்னும் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.